ஸ்க்ரீம் (1996): விதிகளை அறிந்தவர்களும் ஏன் சாகிறார்கள்?

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

வெஸ் க்ரேவன் இயக்கி, கெவின் வில்லியம்சன் எழுதி, 1996 டிசம்பர் 20 அன்று வெளியான ‘ஸ்க்ரீம்’ படத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது: திகில் படங்களைக் கரைத்துக் குடித்த இளைஞர்கள் ஒரு திகில் படத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், அந்தப் புதுமையால்தான் படம் நிலைத்தது என்கிறார்கள். எனக்கு இது போதவில்லை. தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் ஸ்லாஷர் படங்கள் (ஒரு கொலைகாரன் இளைஞர்களை ஒவ்வொருவராக வெட்டிக் கொல்லும் வகை) இதற்கு முன்பும் வந்தன, இதற்குப் பிறகு வரிசை கட்டி வந்தன. அவற்றில் பலவற்றை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. க்ரேவனே 1994இல் கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகரைப் பற்றிய தம்முடைய கதையைப் படத்துக்குள் படமாக்கி, தம்மையே ஒரு பாத்திரமாகவும் வைத்துப் பார்த்தார். வசூலில் அது சோபிக்கவில்லை. புத்திசாலித்தனம் மட்டுமே காரணமென்றால் அந்தப் படமும் ஓடியிருக்க வேண்டும்.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. எல்லா விதிகளையும் அறிந்திருந்தும் அந்த அறிவு யாரையும் காப்பாற்றவில்லை என்பதைத்தான் ‘ஸ்க்ரீம்’ காட்சிக்குக் காட்சி நிறுவுகிறது. தொலைபேசியில் மிரட்டுபவனிடம் நாயகி சிட்னி, இந்தப் படங்களில் வரும் பெண்கள் வாசல் வழியே வெளியே ஓடாமல் மாடிப்படி ஏறி ஓடும் மூடத்தனத்தைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறாள். சில நிமிடங்களில் கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே பாய்கிறான். அவள் வாசலுக்கு ஓடுகிறாள். பாதுகாப்புக்காக அவளே மாட்டிய சங்கிலி கதவைத் திறக்கவிடவில்லை. அவள் மாடிப்படி ஏறி ஓடுகிறாள். கேலி செய்த செயலையே அவள் செய்கிறாள், ஆனால் அந்த நொடியில் நம்மால் அவளைக் கேலி செய்ய முடியவில்லை. படத்தின் முழு இயக்கமும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்பேன்.

திகில் பட வெறியனான நண்பன் ராண்டியின் காட்சி இதைவிடக் கூர்மையானது. உடலுறவு கூடாது, மதுவும் போதையும் கூடாது, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போகக் கூடாது என்று விருந்தில் கூடியிருப்பவர்களுக்கு விதிகளை வகுத்துச் சொன்னவன் அவன்தான். பிறகு தனியாகச் சாய்விருக்கையில் அமர்ந்து, ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ படத்தில் வரும் ஜேமி லீ கர்டிஸைப் பார்த்துப் பின்னால் திரும்பும்படி கத்துகிறான். கொலைகாரன் ராண்டிக்குப் பின்னால் நிற்கிறான். செய்திக்குழுவின் வேனில் இருக்கும் ஒளிப்பதிவாளர் திரையைப் பார்த்து ராண்டியைத் திரும்பும்படி கத்துகிறார். அவர் பார்ப்பதோ 30 விநாடி தாமதமாக வரும் படம். அது நினைவுக்கு வருவதற்குள் அவர் கழுத்து அறுபடுகிறது. அரங்கில் அமர்ந்து கத்திக்கொண்டிருந்த நாமும் அந்த வரிசையில் கடைசி ஆள் என்று உணர்வதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

முடிவு உட்பட எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசலாம். படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

வெட்டுமேசை எழுதியது:

தங்கள் வாதத்தை ஏற்கிறேன், ஆனால் அது தொடங்கும் இடம் சிட்னியின் வீடு அல்ல, முதலில் கொல்லப்படும் கேசியின் வீடு. ஏறக்குறைய 12 நிமிடம் ஓடும் அந்த முதல் காட்சி மட்டும் இல்லாதிருந்தால் மீதிப் படத்தின் பேச்சுச் சாமர்த்தியத்தை நாம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டோம்.

ட்ரூ பேரிமோர் அன்றைக்கு அந்த நடிகர் கூட்டத்திலேயே மிகவும் அறிமுகமான முகம். விளம்பரத்தாள்களில் அவர் முகம்தான் முன்னால் நின்றது. முதலில் சிட்னியாக நடிக்க இருந்தவர், தாமே கேட்டு கேசி பாத்திரத்தை எடுத்துக்கொண்டார் என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. நாயகி என்று நம்பி அமர்ந்தவர்களின் கண்ணெதிரே, கதை நிலைகொள்வதற்கு முன்பே, அவர் மரத்தில் தொங்குகிறார். 1960இல் ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் செய்த துரோகம்தான் இது, அவர் ஏறக்குறைய பாதிப் படம் வரை காத்திருந்தார், க்ரேவன் காத்திருக்கவில்லை.

எனக்கு அந்தக் காட்சியின் வேகக் கட்டுப்பாடுதான் வியப்பு. தவறான எண்ணுக்கு வந்த அழைப்பாகத் தொடங்குகிறது. அடுத்தடுத்த அழைப்புகளில் அது ஓர் இளம்பெண்ணும் முகம் தெரியாத இளைஞனும் விளையாட்டாகப் பேசும் பேச்சாக மாறுகிறது. அடுப்பில் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருக்கிறது. அவளுடைய பெயரை ஏன் கேட்கிறாய் என்ற கேள்விக்கு, தான் பார்த்துக்கொண்டிருப்பது யாரை என்று தெரிந்துகொள்ளத்தான் என்று பதில் வரும் இடத்தில் காட்சியின் அடித்தளமே நழுவுகிறது. அதன் பிறகு கேமரா அவளுடன் சேர்ந்து பதறுகிறது, அடுப்பில் பொட்டலம் உப்பிக்கொண்டே போகிறது, அதை இறக்கி வைக்க யாருக்கும் நேரமில்லை.

பிறகு வினாடி வினா. ‘ஃப்ரைடே தி 13த்’ படத்தின் கொலைகாரர் யார் என்ற கேள்விக்கு அவள் ஜேசன் என்கிறாள். 1980இல் வந்த முதல் படத்தில் கொன்றது ஜேசனின் தாய். ஜேசன் கொலைகாரனாவது தொடர்ச்சிப் படங்களில்தான். அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேராவது மனத்துக்குள் ஜேசன் என்றே சொல்லியிருப்பார்கள். அவளுடைய காதலன் முற்றத்தில் கட்டப்பட்டிருக்கிறான், அந்தப் பிழைக்காக அவன் வயிறு கிழிகிறது. தாங்கள் சொன்ன ‘அறிவு காப்பாற்றாது’ என்பது இங்கே இன்னும் கொடியதாகிறது, ஏனென்றால் அறிவே கொலைகாரனின் ஆயுதமாக இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு காட்சி வேடிக்கையாக முடிவதில்லை. பெற்றோர் வீட்டுக்குள் நுழையும்போது மகள் சில அடி தூரத்தில் இருக்கிறாள், தொண்டை நெரிபட்டதால் கூப்பிடக் குரல் எழவில்லை. காவல்துறைக்குச் சொல்லத் தொலைபேசியை எடுக்கும் தாய்க்கு, மகள் இறந்துகொண்டிருப்பது அதன் வழியே கேட்கிறது. பகடி செய்ய மட்டும் வந்த இயக்குநர் இந்தத் தாயை எழுதவிட்டிருக்க மாட்டார்.

ஒரு சிறு செய்தி: தொலைபேசிக் குரலுக்குச் சொந்தக்காரரான ரோஜர் ஜாக்சன் படப்பிடிப்பின்போதே நடிகர்களுடன் உண்மையாகவே தொலைபேசியில் பேசினார், அவர் முகத்தை அவர்கள் பார்த்துவிடாதபடி க்ரேவன் தனியே ஒளித்து வைத்திருந்தார். பேரிமோரின் பதற்றத்தில் அது தெரிகிறது.

தெற்குவாசல் எழுதியது:

இருவரும் படத்தை மிகவும் உயர்த்திப் பேசுகிறீர்கள். எனக்கு ஓர் அடிப்படை ஐயம் இருக்கிறது. தணிக்கைக் குழு இந்தப் படத்துக்கு சிறார்களை அரங்குக்குள் அனுமதிக்காத, வணிகரீதியாகச் சாவுமணி அடிக்கும் ‘என்சி-17’ சான்றிதழைத் தர இருந்தது. க்ரேவன் பலமுறை வெட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. இது வெறும் திகில் படமன்று, அங்கதம் என்று தயாரிப்புத் தரப்பில் பாப் வைன்ஸ்டீன் வாதாடிய பிறகே, பெரியவர் துணையோடு சிறாரும் பார்க்கலாம் என்ற ‘ஆர்’ சான்றிதழ் கிடைத்தது. தன்னையறிந்த பேச்சு என்பது இங்கே கலைக் கொள்கையாக அல்ல, அனுமதிச்சீட்டாகப் பயன்பட்டிருக்கிறது. பழைய ஸ்லாஷர் படங்கள் இளம்பெண்களின் சாவைக் காட்டி விற்றன. இந்தப் படமும் அதையே விற்கிறது, விற்கும்போது ஒரு கண்ணைச் சிமிட்டுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

சிட்னியின் தோழி டேட்டமின் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேரேஜில் கொலைகாரனை விளையாட்டு என்றெண்ணிச் சீண்டுகிறாள், தொடர்ச்சிப் படத்திலும் தான் இருக்க விரும்புவதாகச் சொல்கிறாள், பிறகு பூனை நுழையும் பொந்தில் சிக்கி மேலேறும் கதவோடு நசுங்குகிறாள். இதில் அறிவின் தோல்வி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிவது ஒரு கொடூரமான நகைச்சுவைத் துணுக்கு மட்டுமே.

நள்ளிரவுவாசகி எழுதியது:

தெற்குவாசல் அவர்களே, டேட்டம் காட்சியைப் பற்றித் தாங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படம் தன் பாத்திரத்தைக் கைவிடும் இடம் அது ஒன்றுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்து முழுப் படத்தையும் அளந்தால் அதன் நடுவில் இருக்கும் துக்கத்தைத் தவறவிடுவோம்.

கதை தொடங்கும்போது சிட்னியின் தாய் மொரீன் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டு ஓராண்டு ஆகிறது. காட்டன் வெயரி என்பவரைக் குற்றவாளி என்று அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னவள் சிட்னி. அவர் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறார். அவர் நிரபராதி என்று எழுதியும் பேசியும் வருபவர் தொலைக்காட்சி நிருபர் கேல் வெதர்ஸ், அதனாலேயே சிட்னியிடம் முகத்தில் குத்து வாங்குகிறார். புதிய கொலைகள் நடக்க நடக்க, தன் சாட்சியம் பொய்த்திருக்கலாம், தன் தாய் தான் நம்பிய மாதிரியான பெண்ணாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்ற இரண்டு ஐயங்களையும் இந்தப் பெண் ஒரே நேரத்தில் சுமக்கிறாள். எண்பதுகளின் ஸ்லாஷர் படங்களில் பெரும்பாலான நாயகிகளுக்கு இவ்வளவு கனமான முன்கதை கிடையாது. நெவ் கேம்ப்பெல் இதைக் கண்ணீர் வடித்துக் காட்டாமல் ஓர் அயர்ச்சியாகவே நடித்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாகியும் அந்த முகம் பழசாகவில்லை.

கேரல் க்ளோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வகைப் படங்களில் கடைசியாக உயிரோடு எஞ்சும் பெண்ணைப் பற்றி எண்பதுகளிலேயே எழுதினார். ஒழுக்கமானவள், விழிப்பானவள், பெரும்பாலும் கன்னி என்பது அவளுடைய இலக்கணம். சிட்னி தன் காதலன் பில்லியுடன் உறவு கொள்கிறாள், கீழே ராண்டி விதிகளை ஓதிக்கொண்டிருக்கும் அதே இரவில், அதே வீட்டில். விதிப்படி அவள் செத்திருக்க வேண்டும். சாகாததோடு, கொலைகாரர்களின் (அந்தப் பில்லியும் அவன் நண்பன் ஸ்டுவும்தான்) உடையை அணிந்து, அவர்களுடைய குரல்மாற்றிக் கருவியை எடுத்து, அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு அலைக்கழிக்கிறாள். ‘ஹாலோவீன்’ ஓடிக்கொண்டிருந்த அதே தொலைக்காட்சிப் பெட்டியை ஸ்டுவின் தலையில் தள்ளுகிறாள். செத்தவன் கடைசியாக ஒருமுறை எழுந்து வருவான் என்று ராண்டி எச்சரிக்க, பில்லி துள்ள, இது தன்னுடைய படம் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லி அவனைச் சுடுகிறாள்.

எனவே இரண்டாம்ஆட்டம் அவர்களின் கூற்றுக்கு ஒரு திருத்தம் வைக்கிறேன். விதிகளை ஒப்பிப்பவர்களுக்கு அறிவு உதவுவதில்லை. அவற்றைக் கொலைகாரன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவளுக்கு உதவுகிறது. தங்களை எப்போதும் விதிகளால் அளக்கும் ஊரில் வளர்ந்த பெண்களுக்கு இது எவ்வளவு நிறைவான காட்சி என்பதை ஆண் விமர்சகர்கள் போதிய அளவு எழுதவில்லை.

புதுவரவு எழுதியது:

ஒரு சிறு கேள்வியும் ஓர் அனுபவமும். எங்கள் தலைமுறையில் பலர் பழைய படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் நேராக ‘ஸ்க்ரீம்’ பார்த்தவர்கள். ஹாலோவீன் என்பது ஒரு பண்டிகை என்பதுகூடப் பிறகுதான் தெரிந்தது. இருந்தும் எதுவும் புரியாமல் போகவில்லை, ஏனென்றால் தான் மீறப்போகும் ஒவ்வொரு விதியையும் படமே நமக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவுக்கு வெளியிலும் அது ஓடியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாமா? மற்றபடி, கொலைகாரர்களின் நோக்கம் எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. பழிவாங்கலா, பைத்தியமா?

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

நள்ளிரவுவாசகியின் திருத்தத்தை மனமார ஏற்கிறேன். அது என் வாதத்தை மேலும் செம்மையாக்குகிறது.

புதுவரவு கேட்டது நல்ல கேள்வி, அதற்குப் படமே வேண்டுமென்று இரண்டு விடைகளைத் தருகிறது. நோக்கமே இல்லாதிருந்தால்தான் அச்சம் அதிகம் என்று பில்லி முதலில் நழுவுகிறான். பிறகு தன் தந்தைக்கும் சிட்னியின் தாய்க்கும் இருந்த உறவால் தன் தாய் வீட்டை விட்டுப் போனதைச் சொல்கிறான். ஸ்டுவிடம் கேட்டால் நண்பர்களின் வற்புறுத்தல் என்று உளறுகிறான். திரைப்படங்கள் பைத்தியக்காரர்களை உருவாக்குவதில்லை, அவர்களுடைய கற்பனையை மட்டும் வளர்க்கின்றன என்ற பொருளில் பில்லி சொல்லும் வாக்கியத்தை அன்றைய சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995இல் குடியரசுக் கட்சியின் பாப் டோல், ஹாலிவுட் படங்களின் வன்முறையைச் சாடி உரையாற்றினார். 1996இல் தொலைக்காட்சிகளில் வன்முறை நிகழ்ச்சிகளைத் தடுக்கும் ‘வி-சிப்’ கருவியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. படங்கள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற வாதத்துக்கு வில்லன் வாயாலேயே மறுப்புச் சொல்ல வைத்தது வில்லியம்சனின் குறும்பு. நாயகன் சொல்லியிருந்தால் அது பிரசாரமாகியிருக்கும். கொலைகாரன் சொல்வதால் அதை ஒப்புக்கொள்ளவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் தவிக்கிறோம்.

தெற்குவாசல் அவர்கள் கேட்ட ‘இது வெறும் கண்சிமிட்டலா’ என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. கதையின் விதை ஒரு நிஜக் கொடூரத்திலிருந்து வந்தது. 1990 ஆகஸ்டில் ஃப்ளோரிடா மாநிலம் கெய்ன்ஸ்வில்லில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அந்த வழக்கைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த இரவில், வீட்டின் சன்னல் ஒன்று திறந்திருப்பதைக் கண்டு அரண்ட வில்லியம்சன், நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சு திகில் படக் கொலைகாரர்களின் பக்கம் திரும்பியது. நிஜமான நடுக்கத்தை மறைக்கத் திரைப்படப் பேச்சுப் பேசுவது என்ற அந்த மனநிலைதான் கதை நடக்கும் வுட்ஸ்பரோ ஊரின் இளைஞர்கள் அத்தனை பேருக்கும் வாய்த்திருக்கிறது. வகுப்புத்தோழி குடல் சரிந்து கிடந்த மறுநாள், பள்ளி முற்றத்தில் அமர்ந்து அவர்கள் அதைப் பற்றி நையாண்டி செய்வது பலருக்கு முகச்சுளிப்பைத் தருகிறது. அந்த வயதில் பயம் அப்படித்தான் பேசும் என்பதை எழுதியவர் அறிந்திருக்கிறார்.

வெட்டுமேசை எழுதியது:

வில்லனின் தோற்றத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அந்த முகமூடி படத்துக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ‘ஃபன் வேர்ல்ட்’ என்ற நிறுவனம் ஹாலோவீன் வேடப்பொருளாக விற்றுவந்ததை, படப்பிடிப்பு இடம் தேடிப்போன தயாரிப்பாளர் மரியான் மாடலேனா ஒரு வீட்டில் கண்டெடுத்தார். யாரும் கடையில் வாங்கலாம், எனவே யாரும் கொலைகாரனாக இருக்கலாம். கதைக்குத் தேவையான விளக்கம் அந்தப் பொருளிலேயே இருந்துவிட்டது.

அதைவிட முக்கியம், கோஸ்ட்ஃபேஸ் எனப்படும் இந்த முகமூடிக் கொலைகாரன் ஒரு தடுமாறி. ‘ஹாலோவீன்’ படக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் நடந்து வந்தே ஓடுகிறவர்களைப் பிடித்துவிடுவான். இவனோ ஓடுகிறான், வழுக்குகிறான், கதவில் மோதுகிறான், உதை வாங்கி உருளுகிறான். முதல் பார்வையில் சிரிப்பு வருகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது, அங்கிக்குள் இருப்பவன் அனுபவமற்ற பதின்வயதுப் பையன் என்பதற்கான துப்பாகவே அது தெரிகிறது. இரண்டு பேர் மாறி மாறி அணிகிறார்கள் என்று தெரிந்த பிறகு, எந்தக் காட்சியில் எவன் என்று கணக்குப் போட்டு மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. மறுபார்வைக்கு இப்படி ஒரு கூலி தரும் ஸ்லாஷர் படங்கள் அரிது.

பள்ளி முதல்வர் கொல்லப்படும் காட்சி முதலில் திரைக்கதையிலேயே இல்லை. முப்பது பக்கங்களுக்கு ஒரு சாவுகூட இல்லையே என்று வைன்ஸ்டீன் கேட்டதால் எழுதிச் சேர்த்தார்கள். விருந்துக்கு வந்த கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்று தவித்துக்கொண்டிருந்த வில்லியம்சனுக்கு அதுவே வழியாகிவிட்டது: முதல்வரின் உடல் கோல்கம்பத்தில் தொங்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் உற்சாகமாகக் காரேறிப் புறப்படுகிறார்கள். வியாபாரக் கட்டளையிலிருந்து படத்தின் மிகக் கசப்பான நகைச்சுவை பிறந்திருக்கிறது.

தெற்குவாசல் எழுதியது:

ஓரளவுக்குச் சம்மதிக்கிறேன், முழுமையாக இல்லை. படத்தின் வெற்றியே அதன் பிற்காலக் கேட்டுக்குக் காரணமாயிற்று. சுமார் 1.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 17 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய பிறகு, ஹாலிவுட் அதிலிருந்து கற்றது சிட்னியின் துக்கத்தை அன்று, ராண்டியின் வாயாடித்தனத்தை. அழகான இளம் முகங்கள், தாங்களே ஒரு படத்தில் இருப்பது போன்ற பேச்சு, கடைசியில் ஒரு முகமூடி கழற்றல் என்று அடுத்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் பெரும்பாலானவை உமி. 2000இல் வேயன்ஸ் சகோதரர்கள் இதையே பகடி செய்து, ‘ஸ்க்ரீம்’ படத்துக்கு முதலில் வைத்திருந்த ‘ஸ்கேரி மூவி’ என்ற பெயரையே தங்கள் படத்துக்குச் சூட்டினார்கள். பகடிக்கே பகடி என்ற நிலை வந்த பிறகு அந்த வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

இன்னொன்று. காவலர்கள் பில்லியைச் சந்தேகிக்கக் காரணம் அவன் கையிலிருந்து விழுந்த செல்போன். ஒரு பள்ளி மாணவனுக்கு இது எதற்கு என்று ஷெரிஃப் கேட்கிறார். இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். படம் காலத்தை வென்றது என்று சொல்வதைவிட, தன் காலத்தை மிகத் துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். அழைப்பவன் எங்கோ தொலைவில் தன் வீட்டில் இருக்கிறான் என்று எல்லோரும் நம்பிய கடைசி ஆண்டுகள் அவை. வாசல்படியில் நின்றுகொண்டே ஒருவன் பேச முடியும் என்ற அதிர்ச்சி அந்தச் சில ஆண்டுகளுக்கே உரியது.

நள்ளிரவுவாசகி எழுதியது:

தாங்கள் குறை சொல்ல வந்து படத்துக்கு இதுவரை வந்தவற்றிலேயே சிறந்த பாராட்டை எழுதிவிட்டீர்கள்.

புதுவரவு எழுதியது:

தொடர்ச்சிப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

க்ரேவன் இயக்கியவை முதல் நான்கு. 2011இல் வந்த நான்காவதுதான் அவருடைய கடைசிப் படம், 2015இல் அவர் காலமானார். மூன்றாம் பாகத்தை வில்லியம்சன் எழுதவில்லை, அந்தக் குறை தெரியும். ஓராண்டுக்குள், 1997 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தைக் கட்டாயம் பாருங்கள். விதிகளின் அத்தாரிட்டியான ராண்டி, கல்லூரி வளாகத்தில் பட்டப்பகலில், சுற்றிலும் மாணவர்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போது ஒரு வேனுக்குள் இழுக்கப்பட்டுக் கொல்லப்படுகிறான். இந்த இழையில் நான் முதலில் சொன்னதை க்ரேவன் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 1978ஆம் ஆண்டு ‘ஹாலோவீன்’ படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘ஸ்க்ரீம்’ படத்தின் விருந்துக் காட்சிகளை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். கூடத்துத் தொலைக்காட்சியில் ஓடும் கார்பென்டரின் இசையைத் தன் காட்சிகளுக்கே பின்னணி இசையாகப் பல இடங்களில் க்ரேவன் பயன்படுத்தியிருக்கிறார். முதல் தடவை நாம் யாருமே அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.